மணப்பாறை மாட்டை யாரு கட்டினது?

மணப்பாறை மாடு கட்டி பாட்டு பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதினதுன்னு சொல்றவங்கள இனிமே திருத்தக் கூடாதுன்னு போன பொங்கலுக்கே முடிவு பண்ணிட்டேன், ஆனா முடியல. டீக்கடையில ஒரு பெரியவர், நல்லா வெவரமானவரு, மூணு வேலி நிலம் பாத்தவரு, "எங்க பட்டுக்கோட்டையான் எழுதினான் பாரு, அதுல பொய்யே இருக்காதுடா"ன்னு கண்ணு கலங்கச் சொல்றாரு. அவருகிட்ட போயி "இல்லீங்க ஐயா, அது மருதகாசி"ன்னு சொன்னா நம்மள ஏதோ கட்சி மாறி வந்தவன் மாதிரி பாக்கறாரு.

எங்க ஊர்ப்பக்கம் (மன்னார்குடிக்கு கெழக்க) இது ஒரு பழக்கமாவே ஆயிடுச்சு. வயலு, மாடு, உழைப்பு, கூலின்னு ஒரு பாட்டுல வந்தா அது பட்டுக்கோட்டை. காதல், தத்துவம்னா கண்ணதாசன். எம்ஜிஆர் கையைத் தூக்கிட்டு பாடினா வாலி, இல்லன்னா எழுதினவனே கிடையாது, எம்ஜிஆரே எழுதிட்டாருன்னு வச்சுக்குவாங்க. இந்த மூணு டப்பாவுக்குள்ள அடங்காத ஆளுங்கல்லாம் காணாமப் போயிட்டாங்க. அதுல பாதிப் பேரு நம்ம காவிரித் தண்ணி குடிச்சவங்கன்றதுதான் எனக்கு ஆத்தாமை.

அ. மருதகாசி பொறந்தது 1920ல, மேலக்குடிகாடுன்ற கிராமம், கொள்ளிடத்துக்கு வடக்க, அப்ப திருச்சி ஜில்லா இப்ப அரியலூர் மாவட்டம். கும்பகோணம் காலேஜ்ல இன்டர்மீடியட் படிச்சாரு, அங்கயே நாடகக் கம்பெனிக்கு பாட்டு எழுத ஆரம்பிச்சாரு, அங்கேர்ந்து சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். 1949ல மாயாவதி படத்துல முதல் பாட்டு. அதுக்கப்புறம் எழுதினது நாலாயிரத்துக்கு மேலன்னு சொல்றாங்க, எண்ணிக்கைய விடுங்க, அந்தப் பாட்டுகள வரிசையா போட்டுப் பாத்தா எனக்கு ஒண்ணு தோணும், நம்ம ஊர்ல ஒரு மனுசன் பொறந்ததுலேர்ந்து சுடுகாடு போற வரைக்கும் இவர் பாட்டு இல்லாம போகவே முடியாது. தொட்டில்ல போட்டா மங்கையர் திலகத்துல வர்ற நீலவண்ணக் கண்ணா வாடா. மாடு மேய்க்கப் போற வயசுல வண்ணக்கிளியில வர்ற மாட்டுக்கார வேலா. காதலிக்க ஆரம்பிச்சா சாரங்கதராவுல டிஎம்எஸ் பாடின வசந்த முல்லை. செத்துப் போனா ரம்பையின் காதல்ல வர்ற சமரசம் உலாவும் இடமே, அதைப் பாடின குரலும் நம்ம சீர்காழி குரல்தான். எங்க தெருவுல எழவு விழுந்தா குழா ஸ்பீக்கர்ல அந்தப் பாட்டு வந்துரும், பந்தல் போட ஆளு வர்றதுக்கு முன்னாடியே வந்துரும்.

அந்த மணப்பாறைப் பாட்டையே எடுத்துக்குங்க. 1957, மக்களைப் பெற்ற மகராசி, கே.வி. மகாதேவன் இசை. ஒரு தடவை வார்த்தைய மட்டும் கவனிச்சுக் கேளுங்க. மாடு எங்க வாங்கணும், மணப்பாறை. ஏரு எங்க, மாயவரம். தழை உரம் போடச் சொல்றாரு. வெதை என்ன ரகம், ஆத்தூர் கிச்சிலிச் சம்பா, அதையும் பாத்து வாங்கணும். நாத்துப் பறிக்கிறது, நடவு, அறுப்பு, களத்துல அடிச்சுத் தூத்துறது, அப்புறம் மூட்டைய ஏத்தி பொள்ளாச்சி சந்தைக்கு கொண்டு போயி விருதுநகர் வியாபாரிகிட்ட விக்கிறது, வித்த காச என்ன பண்றது, அம்மா கையில குடுக்கறது. அக்ரி ஆபீஸ்காரங்க கூட்டம் போட்டு மூணு மணி நேரம் பேசறத மூணு நிமிசத்துல முடிச்சுட்டாரு. கடைசியில வெளச்சல் வித்த காசு யாரு கையில இருக்கணும்னு சொல்றாரு பாருங்க, அது வெவசாயக் குடும்பத்துல வளந்தவனுக்குத்தான் தோணும், ஏன்னா நெல்லு வித்த காசு அப்பா கையில இருந்தா எங்க போகும்னு நமக்குத் தெரியும்ல.

ஒரே ஒரு சந்தேகம் எனக்கு உண்டு, தஞ்சாவூர் ஜில்லா நெல்ல எதுக்கு பொள்ளாச்சிக்கு கொண்டு போகணும், நம்ம ஊர்ல வியாபாரியே இல்லையா? சந்தத்துக்காக பண்ணிருப்பாரு, போகட்டும். மாடு திருச்சி பக்கம், ஏரு மாயவரம், வெதை சேலம் பக்கம், சந்தை கொங்குநாடு, வியாபாரி தெக்கத்தி ஆளுன்னு தமிழ்நாட்டையே ஒரு சுத்து சுத்திட்டாரு, தியேட்டர்ல எந்த ஊர்க்காரன் உக்காந்திருந்தாலும் விசில் அடிச்சிருப்பான்.

அதுக்கு அடுத்த வருசமே பிள்ளைக்கனியமுதுல ஏர்முனைக்கு நேர் இங்கே எதுவுமே இல்லே. அப்புறம் 1967ல விவசாயி படத்துல அந்த டைட்டில் பாட்டு, இன்னைக்கும் எந்த விவசாய சங்கப் போராட்டம்னாலும் அதான் போடறாங்க, எழுதினவர் பேரு எந்தத் தலைவரும் சொல்லி நான் கேட்டதில்ல. இந்த ரெண்டுக்கும் நடுவுல என்ன நடந்துச்சுன்னா சொந்தமா படம் எடுத்தாரு, அல்லி பெற்ற பிள்ளை, கையச் சுட்டுக்கிட்டாரு. அப்புறம் கொஞ்ச காலம் ஊருக்கே திரும்பிப் போயி வெவசாயம் பாத்தாரு. வசந்த முல்லை எழுதின மனுசன் வரப்புல நின்னு மடை திருப்பிட்டு இருந்திருக்காரு! அதுக்கப்புறம் திரும்ப வந்து எழுதினதுதான் விவசாயி பாட்டு. போய்ப் பாத்துட்டு வந்து எழுதினது.

சினிமாவுல தோத்தவங்க எத்தனையோ பேரு மெட்ராஸ்லயே கெடந்து வீணாப் போயிருக்காங்க. திரும்பிப் போக நிலம்னு ஒண்ணு இருந்தா அது ஒரு தைரியம். பட்டுக்கோட்டைக்கு அந்த தைரியம் இருந்துச்சான்னா, எனக்கென்னமோ இல்லன்னுதான் தோணுது.

கல்யாணசுந்தரம் ஊரு செங்கப்படுத்தான்காடு. வெளியூர்க்காரங்க தஞ்சாவூர் ஜில்லான்னாலே தண்ணி ஓடும், முப்போகம் வெளையும்னு நெனச்சுக்கறாங்க. பட்டுக்கோட்டைப் பக்கம் அப்படியெல்லாம் கிடையாது. பழைய காவிரிப் பாசனம் எட்டாத மேட்டுப் பகுதி அது, மேட்டூர் அணை கட்டினப்ப கூடவே வெட்டினாங்களே கல்லணைக் கால்வாய், நம்ம ஆளுங்க புதாறுன்னு சொல்றது, அது வந்தப்புறம்தான் அங்க ஆத்துத் தண்ணியே. மேட்டூர் வேலை முடிஞ்சது 1934, இவரு பொறந்தது 1930. அதுவும் கடைமடை, மேல எல்லாரும் பாச்சினது போக மிச்சம் வந்தாத்தான் உண்டு. அவரு பாத்த தொழில்கள்னு பதினேழு சொல்லுவாங்க, வெவசாயம், மாடு மேய்க்கிறது, மாம்பழ வியாபாரம், இட்லி, முறுக்கு, கீத்து, மீனு நண்டு பிடிக்கிறது, உப்பளம், தண்ணி வண்டி, நாடக நடிகர்னு போகும் அந்த லிஸ்ட். கடைமடைக்காரன் ஒரே தொழில நம்பி இருக்க முடியாது, அவ்ளோதான் விசயம். இதப் போயி ஏதோ சாதனைப் பட்டியல் மாதிரி மேடையில வாசிக்கிறப்ப எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

இதோட அவருக்கு வாச்சது தஞ்சை ஜில்லா விவசாய சங்கமும் கம்யூனிஸ்ட் கட்சியும். கட்சித் தலைவர் ஜீவா கூட பழக்கம், கட்சிப் பத்திரிகை ஜனசக்தியில கவிதை, அப்புறம் பாண்டிச்சேரிக்குப் போயி பாரதிதாசன்கிட்ட இருந்தாரு. சினிமாவுக்கு வந்தது அம்பதுகளோட நடுவுல. பாசவலை படத்துக்கு எம்.எஸ்.வி. கிட்ட இவரைக் கூட்டிட்டுப் போனப்ப, புது ஆளுகிட்ட எழுதி வாங்கி நேரத்தை வீணாக்கணுமான்னு எம்.எஸ்.வி.க்கு பெருசா இஷ்டமில்ல, எழுதின தாளை மட்டும் வாங்கிப் பாத்துட்டு ஆடிப் போயிட்டாராம். அதுதான் அந்த குட்டி ஆடு, குள்ளநரிப் பாட்டு. இத எம்.எஸ்.வி.யே பல மேடையில சொல்லிருக்காரு.

பட்டுக்கோட்டை பத்தி எல்லாரும் புரட்சி புரட்சின்னுதான் பேசுவாங்க, எனக்கு அதவிட பெருசா படறது அவருக்கு இருந்த கிண்டல். இரும்புத்திரையில ஒரு பாட்டு, கையில வாங்குன சம்பளம் பையில போடறதுக்குள்ள காணாமப் போற கதை. மாசக் கடைசியில இத கேட்டா சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். நாடோடி மன்னன்ல காடு வெளஞ்சென்ன மச்சான் பாட்டுல அந்தப் பொண்ணு கேக்குற கேள்வி, அத அந்தக் காலத்து கெழக்குத் தஞ்சாவூர்ல உக்காந்து கேட்டவனுக்கு அது சினிமாப் பாட்டு இல்ல, அவன் வீட்ல ராத்திரி நடக்குற பேச்சு. பண்ணையார் களத்துல நெல்லு மலையா கெடக்கும், அடிச்சவன் வீட்டுக்கு வர்றது படிக்கணக்கு. அதே ஆளு கல்யாணப் பரிசுக்கு வாடிக்கை மறந்ததும் ஏனோன்னு சைக்கிள்ல போற காதல் பாட்டும் எழுதிருக்காரு, துள்ளாத மனமும் துள்ளும் எழுதிருக்காரு, அமுதவல்லிக்கு ஆடை கட்டி வந்த நிலவோ எழுதிருக்காரு. இதெல்லாம் பட்டுக்கோட்டைன்னு சொன்னா நம்பாத ஆளு எங்க தெருவுலயே இருக்கு. அதாவது மருதகாசியோட வயலெல்லாம் பட்டுக்கோட்டைக்கு பட்டா போட்டுட்டாங்க, பட்டுக்கோட்டையோட நிலாவெல்லாம் கண்ணதாசனுக்குப் போயிருச்சு.

துட்டு விசயத்துல அவரு ரொம்ப ரோசக்காரருன்னு ஒரு கதை உண்டு. ஒரு தயாரிப்பாளர் பாட்டுக்குப் பணம் தராம நாளைக்கு வா, நிக்கச் சொல்லு, அப்படின்னு இழுத்தடிச்சப்ப நாலு வரி எழுதி மேசையில வச்சுட்டு கெளம்பிட்டாராம், நீ யாருடா என்னை நில்லுன்னு சொல்றதுக்குன்ற மாதிரி. அந்த ஆளு பதறிப் போயி பணத்த அனுப்பினாராம். எவ்வளவு உண்மை எவ்வளவு மெருகு யாருக்குத் தெரியும், ஆனா பாட்டு எழுதி முடிச்சப்புறம் காசுக்கு அலைய விடறதுன்றது மட்டும் அந்தத் தொழில்ல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க.

1957ல கல்யாணம். 1959 அக்டோபர் 8, எறந்துட்டாரு. வயசு 29. திருடாதே, அரசிளங்குமரி, இரும்புத்திரை, ஆளுக்கொரு வீடு எல்லாம் 1960, 61ல வந்த படங்க. செய்யும் தொழிலே தெய்வம், சின்னப்பயலே சின்னப்பயலே, திருடாதே பாப்பா, இதெல்லாம் ஜனங்க பாடி பிரபலமானப்ப எழுதினவரு உசுரோட இல்ல. தன்னோட முதலமைச்சர் நாற்காலிக்கு ஒரு கால் பட்டுக்கோட்டையாரோட பாட்டுன்னு எம்ஜிஆர் பிற்பாடு சொன்னாரு, பெரிய மனசுதான். மொத்தமா எழுதினது நூத்தி எண்பது பாட்டு கிட்டத்தான் இருக்கும். மருதகாசி எழுதினதுல இருபதுல ஒரு பங்கு கூட கிடையாது, ஆனா பேரு நெலச்சு நின்னது இவருக்கு. சின்ன வயசுல போயிட்டா நம்ம ஜனங்க தூக்கி வச்சுக்குவாங்க, அறுபத்தொம்போது வயசு வரைக்கும் இருந்து நாலாயிரம் எழுதினா "யாருங்க அவரு"ன்னு கேப்பாங்க. பட்டுக்கோட்டையக் கொறச்சு சொல்லல, யாரும் சண்டைக்கு வராதீங்க, அவரு மணிமண்டபத்துக்கு நானும் போயிருக்கேன்.

இன்னொருத்தர் இருக்காரு, திருவாரூர்க்கு பக்கத்துல அம்மையப்பன்ல பொறந்த கவி கா.மு. ஷெரீப். முதலாளி படத்துல ஏரிக்கரையின் மேலே போறவளே இவரோடது. அன்னையின் ஆணையில வர்ற அன்னையைப் போல் ஒரு தெய்வம் உண்டோ இவரோடது, பணம் பந்தியிலே குணம் குப்பையிலே இவரோடது. ம.பொ.சி.யோட தமிழரசுக் கழகத்துல இருந்தாரு, பத்திரிகை நடத்தினாரு. திருக்குவளைக்காரர் கலைஞர் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ்குள்ள போனதுக்கு வழி பண்ணினவர்ல இவரு முக்கியமானவரு. 1950ல அங்க மந்திரிகுமாரி எடுக்குறாங்க. வசனம் கலைஞர், பாட்டு மருதகாசியும் ஷெரீப்பும், இசை ஜி. ராமநாதன், அவரு திருச்சிப் பக்கம் பிச்சாண்டார்கோவில். யோசிச்சுப் பாருங்க, சேலத்துல உக்காந்துகிட்டு மொத்த படத்தையும் காவிரிக்கரை ஆளுங்க எழுதிருக்காங்க! டெல்டாவுல கோயில் திருவிழான்னா நாடகம் இருக்கும், நாடகம்னா பாட்டு எழுத ஒரு வாத்தியார் இருப்பாரு, பேசும்படம் வந்தப்ப கம்பெனிக்காரங்களுக்கு ஆயத்தமா கெடச்ச ஆளுங்க இவங்கதான்.

தஞ்சை ராமையாதாஸ் அப்படித்தான் வந்தாரு. தஞ்சாவூர் மானம்புச்சாவடி, 1914, நாடகம், சினிமா. விஜயா புரொடக்ஷன்ஸ்காரங்க தெலுங்குலயும் தமிழ்லயும் படம் எடுப்பாங்க, தமிழுக்கு இவர்தான், பாதாள பைரவி, மிஸ்ஸியம்மா, மாயா பஜார். தெலுங்குல போட்ட மெட்டு, தெலுங்குல அசைஞ்ச வாய், அதுக்குள்ள தமிழை உக்கார வைக்கணும், அதுவும் மொழிமாத்துன வாசனை வராம. கல்யாண சமையல் சாதம் இன்னைக்கும் எங்க பக்கம் பந்தியில எல போட்டதும் யாராவது ஒருத்தரு பாடிருவாங்க, அது ராமையாதாஸ் எழுதினதுன்னு அந்தப் பந்தியில ஒருத்தருக்கும் தெரியாது. வாராயோ வெண்ணிலாவேயும் அவர்தான். ஜாலிலோ ஜிம்கானாவும் அவர்தான், புலவர்னா இப்படி எறங்கி அடிக்கணும்.

அதுக்கும் முந்தின தலைமுறை பாபநாசம் சிவன். நாகப்பட்டினம் பக்கம் போலகம் கிராமம், 1890. சின்ன வயசுல அப்பா போயிட்டதால திருவனந்தபுரம் போயி வளந்து, பிற்பாடு கும்பகோணத்துக்கு மேக்க பாபநாசத்துல அண்ணன் வீட்ல இருந்தப்ப பஜனை பாடிப் பாடியே சிவன்ற பேரு ஒட்டிக்கிச்சு. கச்சேரிக்காரங்க அவரை அவங்க ஆளாக்கிட்டாங்க, 1944ல வந்த ஹரிதாஸ்ல மன்மத லீலைய எழுதினதும் அதே கைதான்.

வாலி பத்தி நெறைய பேரு எழுதிட்டாங்க, அவரே எழுதிட்டாரு, அதனால சுருக்கமா. ஸ்ரீரங்கத்து ரங்கராஜன். திருச்சி ரேடியோவுக்கு நாடகம், படம் வரையறது, போஸ்ட் கார்டுல ஒரு முருகன் பாட்டு எழுதி டிஎம்எஸ்க்கு அனுப்பிச்சு அத அவரு பாடினது, இதெல்லாம் தெரிஞ்ச கதை. மெட்ராஸ் போயி அழகர் மலைக் கள்வன்ல ஒரு பாட்டு கெடச்சுது, அதோட சரி. அப்புறம் வருசக்கணக்கா சோத்துக்கே கஷ்டம், மதுரையில ஒரு வேலைக்குப் போயிடலாம்னு மூட்ட கட்டிட்டாரு, அன்னைக்குன்னு பார்த்து பி.பி. ஸ்ரீனிவாஸ் அவரு ரூமுக்கு வந்து அப்பத்தான் ரெக்கார்டிங் ஆன மயக்கமா கலக்கமா பாட்ட பாடிக் காமிக்கிறாரு. வாலி தங்கிட்டாரு. போட்டியாளரா வரப்போறவனுக்கு கண்ணதாசன் பாட்டுதான் தைரியம் சொல்லிருக்கு. 1963ல கற்பகம், 1964ல படகோட்டி, அப்புறம் 2013ல எறக்குற வரைக்கும் நிக்கவே இல்ல.

எனக்கு படகோட்டிதான் ஆச்சரியம். ரங்கநாதர் கோயில் மதில் ஓரமா வளந்த ஆளு, ஆத்துத் தண்ணி மட்டும் பாத்த ஆளு, தரைமேல் பிறக்க வைத்தான்னு ஒரு பாட்டு எழுதறாரு, அது வேதாரண்யம், கோடியக்கரை, நாகப்பட்டினம் மீனவர் தெருவுல அவங்க சொந்தப் பாட்டாவே ஆயிடுச்சு. நாகூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துல இந்தப் பாட்டு ஓடுறப்ப வலை பின்னிட்டிருந்த ஒருத்தரு கைய நிறுத்திட்டு கேட்டத நான் பாத்திருக்கேன். 2004 டிசம்பர் சுனாமிக்கு அப்புறம் அந்தக் கரையில அந்தப் பாட்ட கொஞ்ச நாளு யாரும் போடல.

இவங்க பேரெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னா இலங்கை வானொலி. எங்க கரைக்கு சென்னைய விட அது தெளிவா எடுக்கும், ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னாடி படம், இசை, பாடினவரு கூடவே எழுதினவர் பேரையும் மரியாதையா சொல்லுவாங்க. இன்னொண்ணு பஸ் ஸ்டாண்டுல விக்கிற பாட்டுப் புஸ்தகம், சாணித்தாள்ல அச்சடிச்சு, பாட்டுக்கு மேல எழுதினவர் பேரு இருக்கும். எங்க சித்தப்பா மைக்செட் வச்சிருந்தாரு, ரிக்கார்டு உறையில அவரு பென்சில்ல எழுதி வச்சிருப்பாரு, ம-ன்னா மருதகாசி, ப-ன்னா பட்டுக்கோட்டை, க-ன்னா கண்ணதாசன். எந்த வீட்டு விசேசத்துக்கு எத போடணும்னு அத வச்சுத்தான் முடிவு பண்ணுவாரு. ஒரு பண்ணையார் வீட்டு காதுகுத்துல வேணும்னே ப-வா போட்டு அடுத்த வருசம் ஆர்டர் போயிடுச்சு, அது தனிக் கதை.

இப்ப 2012ல சட்டம் மாத்தினதுக்கு அப்புறம் பாட்டு எழுதறவங்களுக்கு ராயல்டியில ஒரு பங்கு உண்டு, இந்திப் பாட்டு எழுதற ஜாவேத் அக்தர் ராஜ்யசபாவுல நின்னு போராடி வாங்கினது. நம்ம தஞ்சாவூர் யுகபாரதி மாதிரி ஆளுங்க காலத்துக்காவது அது வந்துச்சு. பழைய ஆளுங்களுக்கு பாட்டுக்கு இவ்ளோன்னு கையில குடுத்தா அதோட கணக்கு முடிஞ்சுது, பாட்டு நூறு வருசம் ஓடினாலும் சரி.

சித்தப்பா மைக்செட்ட இப்ப அவரு பேரன் பாக்கறான். குழா ஸ்பீக்கர் இருக்கு, ரிக்கார்டு இல்ல, எல்லாம் பென் டிரைவ். அதுல ஃபோல்டர் பேரு எம்ஜிஆர் தத்துவம், சிவாஜி சோகம், எழவு, காதுகுத்து. எழுதினவங்க பேர்ல ஒரு ஃபோல்டர் போடுறா, நானே பாட்டு எடுத்துத் தர்றேன், மருதகாசின்னு போடுன்னு சொல்லி ஒரு அறுபது பாட்டு ஏத்திக் குடுத்தேன். சரி சித்தப்பான்னான். அடுத்த வாரம் போயி தேடினா காணோம், தேடித் தேடி பாத்தா பக்திப் பாட்டு ஃபோல்டருக்குள்ள கெடக்கு, ராமேஸ்வரம் பாட்டுக்கும் திருப்பதி பாட்டுக்கும் நடுவுல. என்னடா இதுன்னேன். "காசின்னு இருந்துச்சுல்ல, அதான்" அப்படின்றான்.